மலையடிவார சைட்: ஊராட்சிக் கையெழுத்து மட்டும் போதுமா?

சோமனூர் வட்டாரத்தில் மலை கிடையாது. தறிச் சத்தமும் தென்னந்தோப்பும் மானாவாரிக் காடுமாகக் கிடக்கிற சமவெளி இது. ஆனாலும் மேற்கே மலையடிவாரத்தில் போடப்படும் சைட்டுகளின் நோட்டீஸ் இங்குள்ள டீக்கடைகள் வரை வந்துவிடுகிறது. 'மலைக்காற்று, சுவையான தண்ணீர், வங்கிக் கடன் வசதி, பஞ்சாயத்து அப்ரூவல்' என்று வரிசையாக அச்சடித்திருப்பார்கள். விசைத்தறியில் மிச்சம் பிடித்த பணம், கறவை மாடு விற்ற பணம், மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணம் என்று பல வீட்டுச் சேமிப்பு அந்தப் பக்கம் போகிறது.

விவரம் தெரிந்தவர் யாராவது சந்தேகம் எழுப்பினால், "ஏனுங்க, பஞ்சாயத்து அப்ரூவல்தான் இருக்குதுங்களே, அப்புறம் என்னங்க?" என்ற பதில்தான் வரும். அந்தக் கேள்விக்கு விடை தெரிந்துகொள்ள வேண்டியவர் சைட் வாங்குபவர் மட்டும் இல்லை. நிலத்தைக் கொடுக்கும் அடிவார விவசாயிக்கும், பல கிலோமீட்டர் கிழக்கே குளத்துத் தண்ணீரை நம்பியிருக்கும் விவசாயிக்கும் அது தெரிய வேண்டும்.

ஊராட்சிக்கு உள்ள அதிகாரம் எவ்வளவு?

ஒரு மனையில் வீடு கட்ட அனுமதிப்பது வேறு. பல ஏக்கர் நிலத்தைத் துண்டு போட்டு மனைப்பிரிவாக மாற்ற அனுமதிப்பது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் பெரும்பாலான ஏமாற்றம் தொடங்குகிறது.

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இல் வந்தது. அதன்படி, மனைப்பிரிவு எனப்படும் லேஅவுட்டுக்கு டிடிசிபி என்று எல்லோரும் சொல்லும் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் தொழில்நுட்ப ஒப்புதல் வேண்டும். சாலையின் அகலம், மழைநீர் போகும் வழி, பொது உபயோகத்துக்கான இடம் ஆகியவற்றை அங்கேதான் பார்க்கிறார்கள். அந்த ஒப்புதலுக்குப் பிறகு, சாலையும் பூங்கா இடமும் தானப் பத்திரமாக எழுதி வாங்கப்பட்டு, உள்ளாட்சி இறுதி ஒப்புதல் தருகிறது. முதல் படியில் கால் வைக்காமல் கடைசிப் படியில் போடப்பட்ட கையெழுத்துக்கு மதிப்பில்லை.

பல ஆண்டுகள் இது ஏட்டளவில்தான் இருந்தது. ஊராட்சித் தலைவரின் முத்திரை விழுந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு மாநிலம் முழுக்க மனைகள் விற்கப்பட்டன; பத்திரமும் பதிவானது. 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று தடை விதித்தது. அதே ஆண்டு அக்டோபர் 20 முதல் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு நடைமுறைக்கு வந்தது. அப்ரூவல் இல்லாத மனையின் பத்திரத்தை மறுக்கும் அதிகாரம் சார்பதிவாளருக்குக் கிடைத்தது இப்படித்தான்.

அதற்குள் மனை வாங்கிவிட்டவர்கள் தவித்துப் போனார்கள். 2017 மே 4 அன்று வரன்முறைப்படுத்தும் விதிகள் வெளியாயின. 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய மனைகள் கட்டணம் செலுத்தி வரன்முறை பெற வழி பிறந்தது. வேளாண் நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றுவதற்கான விதிகளும் அதே நாளில் வந்தன. இவ்வளவு நடந்தும், 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற சொல் மட்டும் நோட்டீஸை விட்டுப் போகவில்லை.

மலைக் கிராமம் என்றால் இன்னொரு கதவு

மேலே சொன்னது சமவெளிக்கும் மலையடிவாரத்துக்கும் பொது. மலைப்பகுதி என்று அறிவிக்கப்பட்ட கிராமங்களில் அதற்கு மேல் இன்னொரு கதவு உண்டு. அதன் பெயர் மலைப்பகுதி பாதுகாப்பு ஆணையம். ஆங்கில எழுத்துச் சுருக்கத்தில் 'ஹாகா' என்பார்கள்.

1990 ஏப்ரல் 2 தேதியிட்ட 44-ஆம் எண் அரசாணை மூலம் இந்த ஆணையம் அமைக்கப்பட்டது. எந்தெந்த வட்டத்தில் எந்தெந்த கிராமங்கள் இதன் கீழ் வரும் என்று பட்டியல் இருக்கிறது. கோவை மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய கிராமங்கள் பல அந்தப் பட்டியலில் உள்ளன. அங்கே மனைப்பிரிவு போடவோ பெரிய கட்டடம் எழுப்பவோ வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, கனிமவளத் துறை, வருவாய்த் துறை ஆகியவற்றின் கருத்தைக் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இத்தனை துறைகள் எதற்கு என்று தோன்றலாம். விவசாயிக்கு இது சுலபமாக விளங்கும். சரிவில் மண் அரிக்குமா, வரப்பும் தடுப்பும் எங்கே வேண்டும் என்பதை வேளாண் பொறியியல் துறை பார்க்கிறது. அடியில் பாறை எப்படி இருக்கிறது, வெட்டினால் தாங்குமா என்பதைக் கனிமவளத் துறை பார்க்கிறது. காட்டு எல்லையையும் யானை நடமாட்டத்தையும் வனத்துறை பார்க்கிறது. ஓடைப் புறம்போக்கு எது, கண்டிஷன் பட்டா எது என்பது வருவாய்த் துறையின் கணக்கில் இருக்கிறது. ஊராட்சி அலுவலகத்தில் இருக்கும் ஒரு தலைவரும் ஒரு செயலாளரும் இத்தனையையும் பார்த்துச் சொல்ல முடியாது. அவர்களிடம் அதற்கான ஆளும் இல்லை, கருவியும் இல்லை.

கட்டடத்தின் உறுதியை யார் பார்க்க வேண்டும் என்ற கேள்வி சோமனூர்க்காரர்களுக்குப் புதிதில்லை. 2017 செப்டம்பர் 7 அன்று மழை நேரத்தில் சோமனூர் பேருந்து நிலையத்தின் மேற்கூரை இடிந்து விழுந்து 5 பேர் உயிரிழந்தனர். சமதரையில் நின்ற கட்டடமே அப்படி என்றால், வெட்டிய சரிவில் நிற்கும் கட்டடத்துக்கு எவ்வளவு கவனம் வேண்டும்!

மேற்கே வெட்டினால் கிழக்கே என்ன ஆகும்?

வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், கோவையைக் கடந்து, சூலூரைத் தாண்டி, சோமனூருக்குப் பக்கத்திலுள்ள சாமளாபுரம் குளத்துக்கு நீர் தந்து, திருப்பூர் வழியாகக் காவிரிக்குப் போகிறது. வடக்கே குருடிமலைப் பகுதியில் தொடங்கும் கௌசிகா நதி, கோவில்பாளையம், வாகராயம்பாளையம், தெக்கலூர் வழியாக வந்து வஞ்சிபாளையம் பக்கம் நொய்யலில் சேர்கிறது. ஆக, சோமனூர் வட்டாரத்தின் தெற்கேயும் வடக்கேயும் ஓடும் இரண்டு நீர்வழிகளுக்கும் தலைமடை மேற்கு மலைதான்.

கொங்குப் பகுதியில் ஓடையைப் 'பள்ளம்' என்று சொல்வது வழக்கம். மலையடிவாரப் பள்ளங்கள் வருஷத்தில் பத்துப் பதினைந்து நாள் ஓடினாலே அதிகம். மற்ற நாட்களில் பார்த்தால் பழைய இட்டேரி மாதிரி இருக்கும். சைட் பார்க்க வருபவர்களைக் கோடையில் அழைத்துப் போனால், அங்கே ஒரு நீர்வழி இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. பொக்லைன் வைத்து மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டிவிட்டால், தளம் சமமாகிவிடும். நாலு சைட் கூடுதலாகக் கிடைக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஏக்கரில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் சுமார் 2 லட்சம் லிட்டர். பத்து ஏக்கர் மனைப்பிரிவில் 20 லட்சம் லிட்டர். நிலம் காடாகவோ மானாவாரியாகவோ இருந்தபோது அதில் ஒரு பங்கு மண்ணில் இறங்கும். மீதி மெதுவாகப் பள்ளத்துக்கு வரும். தார்ச் சாலையும் கான்கிரீட்டும் போட்ட பிறகு பெரும்பகுதி உடனே வழிந்து ஓடும். பள்ளம் அடைபட்டிருப்பதால், அது வழி தேடி வீட்டுக்குள் புகும், அல்லது கொட்டிய மண்ணைத் தூக்கிக்கொண்டு கீழே போகும். கிழக்கே இருக்கும் குளத்துக்குத் தண்ணீர் ஒரே நாளில் சேறாக வரும்; அதன்பின் வராது. கிணறும் போர்வெல்லும் ஊறுவதற்கு வேண்டியது மெதுவாக வரும் தண்ணீர்தான்.

இன்னொரு பக்கம், கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 நீர்நிலைகளை நிரப்பும் அத்திக்கடவு – அவினாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே இருந்து பவானியின் உபரி நீரை 6 நீரேற்று நிலையங்கள் மூலம் மேட்டுக்கு ஏற்றிக் குளங்களுக்கு விடும் இந்தத் திட்டத்துக்கு 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவாகியிருக்கிறது. அதற்காகக் கொங்கு விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகப் போராடினார்கள். ஒரு பக்கம் மோட்டார் வைத்துத் தண்ணீரை ஏற்றிக்கொண்டே, மறுபக்கம் செலவில்லாமல் மலையிலிருந்து இறங்கி வரும் பள்ளங்களைச் சைட்டாக்கி விற்பது கட்டுபடியாகிற கணக்கா?

தடாகம் பள்ளத்தாக்கு இதற்கு ஒரு பாடம். சின்னத்தடாகம், நஞ்சுண்டாபுரம், வீரபாண்டி, சோமையம்பாளையம், பன்னிமடை ஊராட்சிப் பகுதிகளில் செங்கல் சூளைகளுக்காகச் செம்மண் அனுமதியின்றி ஆழமாக வெட்டி எடுக்கப்பட்டது. ஓடைகள் சிதைந்தன. நீதிமன்றம் வரை வழக்கு போன பிறகு 2021-இல் 186 சூளைகள் மூடப்பட்டன. சூளையை மூடிவிடலாம். வெட்டியெடுத்த மண்ணைத் திரும்ப வைக்க முடியாது.

மற்ற ஊர்கள் கொடுத்த விலை

கொடைக்கானலில் அனுமதித்த அளவுக்கு மேல் மாடி மாடியாக எழுந்த பிளசன்ட் ஸ்டே ஹோட்டல் வழக்கு, மலைக் கட்டடம் என்றாலே இன்றைக்கும் பேசப்படுகிறது. பழனி மலைப் பாதுகாப்புக் குழு என்ற உள்ளூர் அமைப்பு நீதிமன்றம் போனது. இடையில் அரசே விதிவிலக்கு அளித்து ஆணை போட்டது. அந்த ஆணையை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 1995-இல் உச்ச நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. மாநில அரசின் விதிவிலக்கே செல்லாது என்று ஆன நாட்டில், ஊராட்சி முத்திரை காப்பாற்றும் என்று நம்புவது பெரிய சூதாட்டம்.

நீதிமன்றத்தைவிடக் கடுமையான தீர்ப்பை மழை எழுதும். 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த மழையில், கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் பதிவானது. மண் சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை மலைச் சரிவில் இருந்த வ.உ.சி. நகரில் பாறையும் மண்ணும் சரிந்து வீட்டுக்குள் இருந்த 7 பேர் உயிரிழந்தனர். அவர்களில் குழந்தைகளும் உண்டு. மலையடிவாரத்தில் வீடு கட்டிக்கொள்பவர்கள் பெரும்பாலும் குறைந்த விலையில் இடம் கிடைத்ததே என்று போகிறவர்கள்தான்.

நிலம் கொடுக்கும் விவசாயிக்கு

அடிவாரத்தில் பூமி வைத்திருக்கும் விவசாயியின் கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். யானை வந்து வாழையை மிதித்துப் போகிறது; காட்டுப்பன்றி கடலையைத் தோண்டுகிறது; கூலிக்கு ஆள் கிடைப்பதில்லை. ஏக்கருக்கு நல்ல விலை சொல்லி ஒருவர் வந்தால் மனசு ஆடத்தான் செய்யும். விற்பது அவருடைய உரிமை. எப்படி விற்கிறார் என்பதில்தான் கவனம் வேண்டும்.

முழுக் கிரயம் வாங்காமல், அட்வான்ஸை வாங்கிக்கொண்டு பவர் எழுதிக் கொடுப்பது பரவலாக நடக்கிறது. சைட் போடுபவர் அந்தப் பவரை வைத்துத் துண்டு துண்டாக விற்பார். அனுமதியில்லாத வேலை என்று நோட்டீஸ் வந்தால், அது நில உரிமையாளரின் பெயருக்கும் வரும். சைட் வாங்கியவர்கள் வழக்குப் போட்டால் அதிலும் விவசாயியின் பெயர் இருக்கும். மீதிப் பணம் வராமல், பூமியும் பூமியாக இல்லாமல் நிற்க வேண்டியதாகும். அனுமதி முழுவதும் கிடைத்த பிறகே நிலத்தில் வேலை தொடங்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது நல்லது. பவர் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், எந்த சர்வே எண், எவ்வளவு பரப்பு, எந்த வேலைக்கு என்று வரையறுத்துக் கொடுக்க வேண்டும்.

பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

1. டிடிசிபி ஒப்புதல் எண்ணும் தேதியும் உள்ள வரைபடத்தைக் கேளுங்கள். நோட்டீஸில் அச்சான எண்ணை நம்பாமல், மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் நேரில் காட்டிச் சரிபாருங்கள்.

2. அந்த வருவாய்க் கிராமம் மலைப்பகுதிப் பட்டியலில் இருக்கிறதா என்று அதே அலுவலகத்தில் கேளுங்கள். இருந்தால், ஆணையத்தின் அனுமதிக் கடிதம் இல்லாமல் அடுத்த பேச்சே வேண்டாம்.

3. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திட்டம் என்றால், ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு இருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணையும் வாங்கிப் பாருங்கள்.

4. அ-பதிவேட்டில் நில வகைப்பாட்டைப் பாருங்கள். தரிசு ஒப்படை, பஞ்சமி, கண்டிஷன் பட்டா என்று இருந்தால் ஒதுங்கிவிடுங்கள். 1949-ஆம் ஆண்டு தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் நிலமா என்பதை வனத்துறையில் கேளுங்கள்.

5. புல வரைபடத்தைப் பக்கத்து சர்வே எண்களோடு சேர்த்து வாங்குங்கள். ஓடைக் கோடு எங்கே வருகிறது, எங்கே போகிறது என்று பாருங்கள். மேலே ஒரு சர்வே எண்ணிலும் கீழே ஒரு சர்வே எண்ணிலும் ஓடை இருந்து, நடுவில் உள்ள மனைப்பிரிவில் மட்டும் காணாமல் போயிருந்தால், அது எங்கே போயிற்று என்று கேட்க வேண்டும்.

6. இடத்தை ஒரு தடவை மழைக்காலத்தில் போய்ப் பாருங்கள். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரரிடம் "இந்தப் பக்கம் தண்ணி எப்படிங்க வரும்?" என்று கேட்டால், எந்த வரைபடத்திலும் இல்லாத செய்தி கிடைக்கும்.

கிராம சபை என்ற வாய்ப்பு

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூட வேண்டும். தன் ஊராட்சியில் எந்தெந்த மனைப்பிரிவுக்கு விண்ணப்பம் வந்திருக்கிறது, சாலையும் பூங்கா இடமும் ஊராட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்கப்பட்டுவிட்டதா, எந்தப் பள்ளம் எந்த மனைப்பிரிவுக்குள் வருகிறது என்று வாக்காளர் யாரும் அங்கே கேட்கலாம். பள்ளத்தை மறிக்கக்கூடாது என்று தீர்மானம் போட்டால், பிற்பாடு வழக்கு வரும்போது அந்தத் தாள் பேசும்.

கோவை உட்பட, 2019 இறுதியில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. அதன்பின் நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. தெருவில் பார்த்துக் கேட்கத் தலைவர் இல்லாத காலத்தில், எழுத்து மூலமாகக் கேட்பது இன்னும் அவசியம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு கொடுத்தால், 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். ஒரு சர்வே எண்ணுக்கு என்ன அனுமதி தரப்பட்டது, எந்தத் துறை என்ன கருத்துச் சொன்னது என்று நகல் கேட்டு வாங்கலாம். அடிவார ஊராட்சியின் விவகாரத்தைச் சோமனூர் விவசாயி கேட்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

அடிக்கடி எழும் கேள்விகள்

*பத்திரம் பதிவாகிவிட்டது. அப்படியானால் மனைக்கு அப்ரூவல் கிடைத்தது என்றுதானே பொருள்?*

இல்லை. கைமாறியதற்குத்தான் பத்திரம் சாட்சி. 2016-க்கு முன்பு ஒருமுறை வீட்டுமனையாகப் பதிவான இடம், அப்ரூவல் இல்லாமலே மறுபடியும் பதிவாக வாய்ப்பு உண்டு. கட்டட அனுமதியும் வங்கிக் கடனும் கேட்கும்போதுதான் சிக்கல் வெளியே வரும்.

*'பண்ணை நிலம்' என்று 20 சென்ட், 25 சென்ட்டாக விற்கிறார்கள். அதற்கு அப்ரூவல் தேவையில்லை என்கிறார்களே?*

விவசாய நிலமாக வாங்கி விவசாயம் செய்தால் சரி. அங்கே வீடோ விடுதியோ கட்டும் எண்ணத்தோடு வாங்கினால், கட்டும்போது எல்லா அனுமதியும் தேவைப்படும். மலைப்பகுதிக் கிராமத்தில் அது கிடைக்கும் என்று விற்பவர் வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்பிப் பணம் கொடுக்கக்கூடாது.

*பல வருஷத்துக்கு முன்பே அடிவாரத்தில் அப்ரூவல் இல்லாத சைட் வாங்கியாகிவிட்டது. இனி என்ன செய்வது?*

மலைப்பகுதி மனைகளை வரன்முறைப்படுத்த 2020-இல் தனியாக விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனையா, விண்ணப்பிக்க இப்போது கால அவகாசம் இருக்கிறதா என்று மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கேளுங்கள். நீர்வழியிலோ அரசு நிலத்திலோ விழுந்த மனைக்கு வரன்முறை கிடைக்காது. அனுமதி வரும் வரை கட்டடச் செலவில் இறங்க வேண்டாம்.

*எங்கள் குளத்துக்கு வரும் பள்ளத்தை மேலே யாரோ மூடிவிட்டார்கள். யாரிடம் போவது?*

புல வரைபட நகல், போட்டோ, தேதி மூன்றையும் வைத்து வட்டாட்சியரிடமும் நீர்வளத் துறையிடமும் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். குறைதீர் நாளில் மாவட்ட ஆட்சியரிடமும் கொடுங்கள். நடவடிக்கை இல்லையென்றால் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. தனியாகப் போவதைவிட, குளத்துப் பாசனக்காரர்கள் சேர்ந்து போனால் மனுவுக்குக் கனம் கூடும்.

அப்ரூவல் காகிதத்தில் ஒரு கையெழுத்து குறைந்தால் அதைப் பிற்பாடு வாங்கிக்கொள்ளலாம் என்று புரோக்கர் சொல்வார். குறைகிற கையெழுத்து வனத்துறையுடையதா, மண்ணைப் பார்க்கும் துறையுடையதா என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கையெழுத்து வருகிற வரைக்கும் அட்வான்ஸ் பணம் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கட்டும்.